எந்திரிங்க அத்தை

நிற்பது என்றால் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால்கள் அவை. ஈரப் படுக்கைவிரிப்பை இரண்டு முனையிலும் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வரும். மடித்து அடுக்கிவிட்டு அடுத்தது. ஒரு ஷிப்டுக்கு நானூறு, நானூற்றைம்பது. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு அவள் 'இஸ்திரி அக்கா'. அந்தக் கால்களை நம்பித்தான் ஐம்பத்தொரு வயதில் மலைத்தொடர் நெடுகப் போகும் பதினோரு நாள் நடைப்பாதைக்குக் கிளம்பினாள். நிற்கிற கால் வேறே, நடக்கிற கால் வேறே என்பது இரண்டாம் நாள் சாயங்காலமே தெரிந்துபோயிற்று.

அவள் ஏன் கிளம்பினாள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய மாமியார் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். ஒரு பக்கம் கை கால் விளங்கவில்லை, பேச்சும் குழறிப்போயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இவள் வேலைக்குப் போகிற நேரத்தில் பக்கத்து வீட்டம்மா வந்து உட்காருவார். மீதி நேரமெல்லாம் இவள்தான். ஆஸ்பத்திரியிலும் விரிப்பு, வீட்டிலும் விரிப்பு.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். நல்ல மனிதர்தான். குடிக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். மருந்தோ பஞ்சோ டயப்பரோ தீரப்போகிறது என்றால், இவள் சொல்வதற்கு முன்பே வாங்கி மேஜைமேல் வைத்திருப்பார். ஆனால் அம்மாவின் அறைக்குள் மட்டும் வரமாட்டார். நிலைப்படியில் ஒரு கையை ஊன்றி நின்று, "எப்படியிருக்கு?" என்பார். "அப்படியேதான் இருக்கு" என்பாள் இவள். பஸ் எஞ்சினைக் குடலோடு வெளியே எடுத்துப் போட்டு மாட்டுகிற கைகள், பெற்றவளின் மெலிந்த காலைத் தொடக் கூசின. முதல் வருஷம் அதற்காகச் சண்டை போட்டாள். அப்புறம் சண்டை போடவும் தெம்பில்லை.

மாமியார் போய் இரண்டு மாதம் ஆயிற்று. வீடு அடங்கிப்போனது. ஒன்பது வருஷமாக அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மருந்து, டாக்டர், காய்ச்சல் இருக்கிறதா, வயிறு போனதா என்பதுதான். அது தீர்ந்ததும் வேறு பேச்சு கைவசம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மகன் வெளியூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் ஆளுக்கு ஐந்து நிமிஷம் அவனோடு பேசினார்கள். வைத்த பிறகு அவர் பேப்பரை எடுத்துக்கொள்வார், இவள் பாத்திரத்தை. பழக்கதோஷத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளுக்கு விழிப்பு வந்தது. எழுந்து அந்த அறை வரைக்கும் போய், காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

சலவைப் பிரிவில் வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. எப்போதோ ஓய்வு பெற்றுப் போன ஒரு பிசியோதெரபிஸ்ட் விட்டுப்போனது. மலைகளின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கோட்டில் பத்துப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாள் நடை, ஒரு தங்குகுடில். கையெழுத்துப் போடும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். ஒரு திங்கட்கிழமை கையெழுத்துப் போட்ட கையோடு மேற்பார்வையாளரிடம் போய்ப் பன்னிரண்டு நாள் லீவு கேட்டாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தாராம். ஒன்பது வருஷத்தில் இவள் லீவு எடுத்தது மாமியார் செத்ததற்கு மூன்று நாள், அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னபோது கணவர், "தனியாவா?" என்று மட்டும் கேட்டார்.

"தனியாத்தான்."

அவர் தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு மூன்று பதில் யோசித்து வைத்திருந்தாள். மூன்றும் பொய். அவர் கேட்கவே இல்லை. மறுநாள் அவள் கட்டிவைத்திருந்த முதுகுப்பையை டிப்போவுக்குத் தூக்கிப்போய் எடை பார்த்து, மூன்றரை கிலோ சாமானை வெளியே எடுத்துவிட்டுக் கொண்டுவந்தார். பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிடும்போது, "பாத்துப் போ" என்றார். இத்தனை செய்கிற மனுஷனுக்கு ஏன் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லையே என்பது பஸ் ஏறிய பிறகும் அவளுக்கு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் மூன்று நாள் வெயில் நன்றாக இருந்தது. குதிகாலில் கொப்புளம் வந்தது, வெடித்தது, பிளாஸ்திரி போட்டாள். தோள் இரண்டும் பையின் பட்டை அழுத்திச் சிவந்தன. ஆனாலும் அவளுக்கு ஒருவிதமான சுகம் இருந்தது. பத்து மணிக்கு யாரையும் திருப்ப வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு யாருக்கும் ஊட்ட வேண்டாம். குடில்களில் மற்றவர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள், கல்லூரி நண்பர்கள், மூன்று டீச்சர்கள். எல்லோரும் ஒரே சட்டியில் சமைத்தார்கள். இவள் ஓரமாகத் தன் சின்ன அடுப்பில் நூடுல்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தை வழித்துத் துடைத்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

நாலாம் நாள் காலையில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. பெரிய மழையும் இல்லை. அடித்து ஓய்கிற மழையாக இருந்தால் ஒதுங்கி நின்றுவிட்டுப் போகலாம். இது ஒரே சீராக, யாருக்கும் அவசரமில்லை என்பது போலப் பெய்தது. மழைக்கோட்டுக்கு வெளியே மழை, உள்ளே வியர்வை, ஆக எப்படியும் ஈரம். பாதை ஓடையாகிவிட்டது. பூட்ஸுக்குள் ஒவ்வொரு எட்டுக்கும் தண்ணீர் சளக்சளக் என்றது. சாயங்காலம் காலுறையைப் பிழிந்து, வயிற்றின்மேல் பரத்திப் படுத்தால் விடிவதற்குள் முக்கால்வாசி காயும். இருபத்திரண்டு வருஷம் துணி காயவைத்தவளுக்கு ஒரு ஜோடிக் காலுறையைக் காயவைக்க வழியில்லை என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பாதை ஒரு தார்ரோட்டைக் குறுக்காகக் கடந்தது. அங்கே ஒரு பஸ் நிறுத்தம். டீச்சர்கள் மூவரும் அதோடு போதும் என்று நின்றுவிட்டார்கள். மேலே கணவாயில் காற்று பலமாக இருக்குமாம், வானிலை அறிக்கை சொல்கிறது, நீங்களும் வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், இதில் வெட்கமே இல்லை என்றார். வெட்கத்துக்காக நடக்கவில்லை என்று இவளுக்குத் தெரியும். எதற்காக என்றுதான் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள், கண்ணாடி வழியாகக் கையாட்டினார்கள். பஸ் வளைவில் மறைந்ததும் மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

அங்கே போனில் இரண்டு கோடு சிக்னல் காட்டியது. கணவரைக் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. அங்க மழையா?"

"மழைதான்."

"இங்கயும் மழைதான்."

பின்னால் டிப்போவில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறாம் நாள் முழுக்க ஏற்றம். அன்றைய குடிலில் அவளைத் தவிர யாருமில்லை. ஏழாம் நாள்தான் கணவாய்.

அங்கே மரம் கிடையாது. மலைமுதுகில் கல்லும் புல்லும் மட்டும். பாதை தவறாமல் இருக்க நூறடிக்கு ஒரு கம்பம் நட்டு உச்சியில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். மூடுபனியில் ஒரு கம்பத்தின் அடியில் நின்றால் அடுத்தது தெரியாது. கொஞ்சம் நடந்து, பயந்து, திரும்பிப் பார்த்து, அதற்கப்புறம்தான் மங்கலாகக் கண்ணில் படும். காற்று பக்கவாட்டில் வந்தது. மழைத்துளி கன்னத்தில் மணல் மாதிரி அடித்தது. பகல் பன்னிரண்டுக்குள் கடந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள். பன்னிரண்டுக்குப் பாதி தூரம்கூட ஆகவில்லை.

எண்ண ஆரம்பித்தாள். விரிப்பு எண்ணுகிற மாதிரி, பத்துப் பத்தாக. நாற்பது கம்பம் வரை எண்ணிக்கை இருந்தது. அப்புறம் முப்பத்தாறா நாற்பத்தாறா என்று குழம்பியது. எது என்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது. அதுவரை பல் கிட்டிக்கொண்டு நடுங்கிய உடம்பு மெல்ல நடுங்குவதை நிறுத்தியது. பரவாயில்லையே, பழகிவிட்டது போல என்று நினைத்தாள். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். விரல்கள் அதைப் பிரிக்கவில்லை. கை அவளுடையதாகவே இல்லை, பாக்கெட் நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. ஒரு பெரிய பாறை காற்றுக்கு மறைவாக இருந்தது. அதன் அடியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் என்று சொல்லிக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் சுகமாக இருந்தது. காற்றுச் சத்தம் தள்ளிப்போயிற்று. உடம்புக்குள் எங்கேயோ ஒரு கதகதப்புகூட வந்தது. இப்படியே இருந்துவிட்டால் யாருக்கு என்ன. வீட்டில் அவர் பேப்பர் படிப்பார். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். சலவைப் பிரிவில் உருளைக்கு இன்னொரு ஆளைப் போடுவார்கள். இத்தனை வருஷத்தில் தன்னை யாரும் தேடவேண்டி வராதபடி தானே எப்போதும் அங்கங்கே நின்றிருக்கிறோம் என்று தோன்றியது. அது வருத்தமாகக்கூட இல்லை. வெறும் விஷயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனதோ. ஒரு குரல் கேட்டது.

"எந்திரிங்க அத்தை."

அவள் வாய்தான் பேசியது. ஒன்பது வருஷம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வார்த்தை, தானாக வந்துவிட்டது. கண்ணைத் திறந்தாள். எதிரே ஈரக் கல். மடியில் இரண்டு கை, வெளுத்து, மடங்கி, யாருடையதோ மாதிரிக் கிடந்தன. அந்தக் கைகளைப் பார்த்ததும் அவளுக்குச் சட்டென்று விளங்கியது. ஜில்லிட்ட கையும் மசங்கிய கண்ணும் எதற்கு அடையாளம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? வேறு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்பாள்?

"எந்திரிங்க. முதல்ல ஈரத் துணிய மாத்துவோம்" என்றாள் சத்தமாக.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். வலது கையை உருவுங்க. ம். இப்ப இடது. பல்லால் கடித்துப் பையின் வாரை இழுத்தாள். பாலித்தீன் உறைக்குள் கட்டி வைத்திருந்த கம்பளிச் சட்டை காய்ந்து இருந்தது. அந்த மழையில், பாறைக்குப் பின்னால், உள்ளே போட்டிருந்த நனைந்த துணியையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள். அதன்மேல் கோட்டு. பையிலிருந்த தாள் சுற்றிய மிட்டாய்களைத் தாளோடு வாயில் போட்டு, தாளைத் துப்பினாள். கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டாள். "கசக்கக் கூடாது, சும்மா வச்சிருங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் திரும்ப வந்தது. நடுக்கம் வந்தது நல்லது என்று அவளுக்குத் தெரியும். விரல்களில் உயிர் திரும்பும்போது ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. அழுதாள். வலிக்குத்தான் என்று முதலில் நினைத்தாள்.

"சரி. நடப்போம். வலது காலு. ம். இப்ப இடது."

அடுத்த கம்பம். அதற்கடுத்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மாமியாரை மூன்றெட்டு நடக்கவைத்த முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே கடைசி நாளும் வந்துவிட்டது. ஏழு நாளாக அவள் அதற்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். மலைமுதுகில் அது அவளைப் பிடித்துவிட்டது.

அன்று காலை ஆறு மணி. மூன்றாம் முறையாக விரிப்பு நனைந்திருந்தது. திருப்பும்போது மாமியாரின் நல்ல கை இவள் தோளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே, கோபமாகக்கூட இல்லை, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "போதும் அத்தை. போயிடுங்க. என்னை விட்டுடுங்க." மாமியார் இவளையே பார்த்தார். புரிந்துதான் பார்த்தார். பத்து மணிக்குச் சலவைப் பிரிவுக்குப் போன் வந்தது.

அந்த வார்த்தைகளை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணி சுமாருக்குக் குடிலின் தகரக் கூரை தெரிந்தது. உள்ளே ஒரு ஆள் இருந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு காலைப் பலகைமேல் நீட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு காலை அடுப்பை ஒட்டி மடக்கி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சூடாக ஒரு குவளைத் தேநீரை நீட்டினார். அதற்காக அவரை எத்தனையோ விஷயத்துக்கு மன்னிக்கலாம். மன்னிக்க வேண்டியும் இருந்தது, ஏனென்றால் அவர் அதற்கப்புறம் வாயை மூடவே இல்லை.

அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். இரண்டு நாளாக அங்கே தனியாகக் கிடக்கிறார். இறக்கத்தில் வழுக்கி முழங்கால் வீங்கிவிட்டது. "முப்பத்தஞ்சு வருஷம் நாட்டையே அளந்தவன் நானு. ஒரு முழங்கால் எவ்வளவு வீங்கும்னு அளக்கத் தெரியல" என்றார். இவள் அவருடைய முழங்காலைத் தூக்கி, அடியில் பையைக் கொடுத்து உயர்த்தி, ஒரு துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அவர் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நர்ஸாம்மா நீ?" என்றார்.

"இல்ல சார். துணி தேய்க்கிறவ."

மறுநாளும் மழையும் காற்றும் விடவில்லை. அந்தக் காற்றில் இறங்குவது முட்டாள்தனம் என்று அவர் சொன்னார். அவளுக்கும் காலில் தெம்பில்லை. இரண்டு பேரும் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர் எல்லைக்கல் தகராறுகளைச் சொன்னார். அண்ணன் தம்பி ஒரு முழ நிலத்துக்காக வருஷக்கணக்கில் பேசாமலிருந்த கதை. இறந்துபோன மனைவியைப் பற்றி இரண்டு வரி சொன்னார், உடனே பேச்சை மாற்றிச் சங்கிலியால் அளந்த காலத்துக்குப் போனார். மத்தியானம் இருந்த பருப்பையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு இவள் கஞ்சி வைத்தாள். இரண்டு குவளை குடித்தார். பேச்சு மெல்ல ஓய்ந்தது. கூரைமேல் மழை மட்டும்.

இந்த மனிதரை இனி வாழ்க்கையில் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இவரிடம் சொன்னால் என்ன? அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். நிலைப்படி தாண்டாத கணவரைச் சொன்னாள். கடைசிக் காலையைச் சொன்னாள். தோளைப் பிடித்த கையை, ஒவ்வொன்றாகப் பிரித்த விரலை, சொன்ன வார்த்தைகளை, பத்து மணிப் போனை. சொல்லி முடித்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தாள். ரொம்ப நேரம் பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

சர்வேயர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. மெல்லிய குறட்டை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு முன்னைவிடத் தனியாக இருந்தது. அவருடைய போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டாள். தெரியாத ஆளிடம் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை இது என்று அப்போதுதான் உறைத்தது. மாமியார் அவருக்கு யாரோ. கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான்.

எட்டாம் கட்டம் முழுக்க இறக்கம். மறுநாள் காற்று விட்டிருந்தது, மழை தூறலாகியிருந்தது. தன் உணவில் பாதியைச் சர்வேயருக்கு வைத்துவிட்டுக் கிளம்பினாள். கீழே ரோடு வரும் இடத்தில் சொல்லி ஆள் அனுப்புவதாகச் சொன்னாள். "அவசரமில்லம்மா, நான் எங்க ஓடப்போறேன்" என்றார் அவர். இறங்கும்போது இரண்டு கால் பெருவிரல் நகமும் பூட்ஸில் இடித்து இடித்துக் கருத்துவிட்டன. மத்தியானம் ரோட்டோரத் தேநீர்க்கடையை அடைந்தாள். கடைக்காரர் பாதைக் காவலர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் சர்வேயரைத் தூக்கி வந்துவிடுவார்கள் என்றார். அதன்படியே தூக்கியும் வந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டாள்.

கடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரத்தின் கீழ் நின்று கணவரைக் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்று அவர் தொடங்குவதற்குள், "ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க" என்றாள். சொன்னாள். நேற்று அவ்வளவு நீளமாக வந்தது இன்று நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அந்தப் பக்கம் சத்தமில்லை. அவரும் தூங்கிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"நான் கேட்டேன்" என்றார் அவர்.

"இப்ப சொன்னது கேட்டுச்சா?"

"அன்னிக்கே கேட்டேன். நான் டிப்போவுக்குக் கெளம்பிட்டேன்னு நீ நெனச்சிருப்ப. கெளம்பல. நிலைப்படிக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். உள்ள வந்து ஒரு கை குடுத்திருக்கலாம். வரல. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் வராமப் போயிட்டேன். பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கும்போதுதான் போன் வந்துச்சு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ மலைக்குப் போறேன்னப்ப ஏன்னு கேக்கணும்னுதான் இருந்துச்சு. கேட்டா நீ இதச் சொல்லுவ. சொன்னா நானும் என்னுத சொல்லணும்ல?"

அவள் எதிர்பார்த்தது வேறு. சொன்னால் மனசு லேசாகும் என்று எங்கோ கேட்டிருந்தாள். லேசாகத்தான் இருந்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம். அடுத்த மூச்சில் கோபம் வந்தது. ஒன்பது வருஷக் கோபம், மொத்தமாக. இரண்டு மாதமாகக் கொலை செய்தவள் மாதிரித் தனியாகச் செத்துக்கொண்டிருந்தாளே, அதே கூரையின் கீழ் இந்த மனுஷன் எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

"இன்னும் மூணு நாள் இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே வேறாகக் கேட்டது. "முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க. வந்து உங்ககிட்ட நெறைய கேக்கணும்."

"கேளு" என்றார் அவர். "நான் அங்க வந்து நிக்கிறேன்."

அந்த மூன்று நாளும் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு ஓடையில் பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக் கடந்தாள். கருத்த நகத்தில் ஒன்று கழன்று காலுறையோடு வந்தது. வழியில் யாருமில்லை. அதனால் சத்தமாகவே பேசிக்கொண்டு நடந்தாள். முதல் நாள் முழுக்க அவரைத் திட்டினாள். முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்து, எந்தெந்த நாளில் எங்கெங்கே நின்றார் என்று வரிசையாக. இரண்டாம் நாள் மாமியாரிடம் பேசினாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்து, பாதியில் அவரையும் கொஞ்சம் திட்டிவிட்டு, வீட்டில் காலியாகக் கிடக்கும் அவருடைய கட்டிலை விற்பதா கொடுத்துவிடுவதா என்பதில் முடிந்தது. மூன்றாம் நாள் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நடந்தாள்.

பாதை ஒரு சின்ன ஊரின் பஸ் நிலையத்தில் முடிந்தது. வரவேற்பு வளைவோ பலகையோ இல்லை. புல் முடிந்து சிமெண்டுத் தரை ஆரம்பித்தது, அவ்வளவுதான். பெஞ்சில் கணவர் உட்கார்ந்திருந்தார். நேற்றே வந்துவிட்டார் என்பது கசங்கிய சட்டையிலேயே தெரிந்தது. இவளைப் பார்த்ததும் எழுந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். இவள் பையை இறக்கிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி எதுவும் நாக்கில் வரவில்லை. பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள். வீங்கிய விரலுக்கு முடிச்சு அகப்படவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, நிமிர்ந்து பின்னால் சாய்ந்துகொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மெதுவாகத் தரையில் குந்தி உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்ப்பது அவருக்குச் சுலபம். எத்தனையோ துருப்பிடித்த நட்டைக் கழற்றிய விரல்கள். பூட்ஸும் வந்துவிட்டது. காலுறையை உருவியதும் கை நின்றுவிட்டது. தோல் ஊறி வெளுத்து, அங்கங்கே உரிந்து, நகம் போன இடம் சிவந்து, பார்க்கச் சகிக்காத கால். அவர் கை அதற்கு நாலு விரல் தள்ளி, காற்றில், தொடாமல் அப்படியே நின்றது.

அந்தக் கை பின்வாங்குகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஒன்று வந்து, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"வெரலப் பிடிக்காதீங்க, வலிக்கும்" என்றாள். "குதிகாலுக்கு அடியில கை குடுங்க. ம். முழுக் கையையும். இன்னொரு கை கெண்டையில. இப்ப தூக்குங்க. மெதுவா."

அவர் தூக்கினார்.